ஒரே ஷீட், ஒரே லிங்க்

சென்னை தம்புச் செட்டித் தெருவில், துறைமுகச் சரக்கை கஸ்டம்ஸில் விடுவித்துக் கொடுக்கும் எங்கள் கிளியரிங் ஆபீஸில், எந்த கன்டெய்னர் எங்கே நிற்கிறது என்ற லிஸ்ட் ரொம்ப காலம் எக்செல் ஃபைலாக வாட்ஸப்பில்தான் ஓடியது. மதியத்துக்குள் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘லேட்டஸ்ட்’ என்று ஆளுக்கொரு பேரில் சுற்றும். மணலி சி.எஃப்.எஸ். (கன்டெய்னர் யார்டு) வாசலில் நிற்கிற பீல்டு அண்ணன் கையில் இருப்பது எந்த லிஸ்ட் என்று யாருக்கும் தெரியாது. கட்டணமில்லாமல் கன்டெய்னரை வைத்திருக்கக் கிடைக்கும் ‘ஃப்ரீ டேஸ்’ முடிந்துவிட்டால், பெட்டிக்கு நாள் கணக்கில் டிட்டென்ஷன் என்ற தாமதக் கட்டணம் ஏறும். அப்போது யாருடைய லிஸ்ட் சரி என்று பேசி என்ன பிரயோஜனம்?

இப்போது எல்லாம் கூகுள் ஷீட்ஸில். ஸோஹோ ஷீட், மைக்ரோசாஃப்ட் எக்செலின் ஆன்லைன் வடிவம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, அதை யோசித்தே ஒரு மாதத்தை ஓட்டாதீர்கள். ஃபைலை இனி யாரும் அனுப்பக் கூடாது, லிங்க் மட்டும்தான். முதலில் ஒத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

அடுத்தது, யார் கை வைக்கலாம் என்பது. பார்க்க மட்டும், கமென்ட் போட, திருத்த என்று மூன்று நிலை உண்டு. லிங்க் கிடைத்த எல்லோரும் திருத்தலாம் என்று திறந்து விடாதீர்கள். ஆளுக்கு ஆள் மெயில் ஐடி போட்டுக் கொடுங்கள். பார்ட்டிக்கு, அதாவது சரக்கு யாருடையதோ அந்த வாடிக்கையாளருக்கு, இதே ஷீட்டைக் காட்டவே வேண்டாம், அடுத்த பார்ட்டியின் சரக்கும் அதில் தெரியும். அவர்களுக்குத் தனி ஷீட்.

ஆரம்பத்தில் பெரிய சண்டையைக் கிளப்பியது ஃபில்டர். அக்கவுன்ட்ஸ் அக்கா தன் பார்ட்டியை மட்டும் ஃபில்டர் போட்டுப் பார்ப்பார், அந்த நேரத்தில் மற்ற எல்லோருக்கும் மீதி வரிசைகள் மறைந்துவிடும். “என் பெட்டி எங்கேம்மா போச்சு?” என்று போன் மேல் போன். இதற்குத்தான் ‘ஃபில்டர் வியூ’ என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதில் எப்படி வடிகட்டினாலும் அடுத்தவர் பார்வை மாறாது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது இதுதான்.

கன்டெய்னர் நம்பர் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் சேர்ந்து 11. அந்த நம்பரை எழுதும் கட்டத்தில் 11 இல்லாவிட்டால் ஷீட்டே ஏற்காதபடி வைத்திருக்கிறோம். அவசரத்தில் ஒரு இலக்கம் விட்டுப்போவது அதோடு நின்றது.

சந்தேகம் இருந்தால் அந்தக் கட்டத்திலேயே கமென்ட் போட்டு, @ தட்டி ஆள் பேரைச் சேர்த்துவிடுகிறோம். அவருக்கு மெயில் போய்விடும். டி.ஓ. (டெலிவரி ஆர்டர்) தேதியை யார் மாற்றியது என்று கத்த வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் கட்டத்தின் மேல் ரைட் கிளிக் செய்தால், யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற வரலாறு வந்துவிடும். யாரையும் மாட்டிவிட இதைப் பயன்படுத்தாதீர்கள். ஒரு முறை அப்படிச் செய்தால் அப்புறம் பீல்டு ஆட்கள் ஷீட்டைத் தொடவே பயப்படுவார்கள். அவர்கள் எழுதாத ஷீட்டால் யாருக்கு என்ன லாபம்?

அவர்களுக்காக இன்னொன்று: போனில் அந்த ஷீட்டை ஆஃப்லைனில் கிடைக்கும்படி வைத்துக் கொடுங்கள். யார்டுக்குள் சிக்னல் இல்லாவிட்டாலும் ‘கேட் அவுட்’ (பெட்டி வெளியேறியது) என்று தட்டிவிட்டு டிரெய்லரை அனுப்பலாம், நெட் வந்ததும் அது தானாக ஏறிவிடும்.

ஷீட்டை யாருடைய சொந்த ஜிமெயிலிலும் தொடங்காதீர்கள். ஆபீஸுக்கென்று ஒரு ஐடி வைத்து அதில் தொடங்குங்கள். ஆள் வேலையை விட்டுப் போனால், அன்றைக்கே அவர் பேரை ஷேரிங்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.