திருப்பி விட்டால் குற்றம்: யெல்லோஸ்டோன் ஏரியில் ஒரு மீன்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஏரிக்கு மச்சினனோடு மீன்பிடிக்கப் போன கதை இது. முதலில் வாடகைக் கார் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். ஆன்லைனில் ஒரு விலை, சால்ட் லேக் சிட்டி கவுண்டரில் வேறொரு விலை. இன்சூரன்ஸ், இரண்டாவது டிரைவர் என்று சேர்த்துக் கூடுதலாக 140 டாலர் கறந்துவிட்டார்கள். அந்தக் கடுப்பில் மூன்று நாளும் கையில் கொண்டுபோன புளிசாதம்தான். மீன்பிடி உரிமமும் (3 நாளுக்கு 40 டாலர்) மச்சினனுக்கு மட்டும்தான் எடுத்தோம், நான் வேடிக்கை.

ஜூன் மாதம்தான், ஆனால் காலையில் கரையில் நின்றால் விரல் மரத்துப்போகிறது. முதலில் சிக்கியது கட்த்ரோட் என்ற மீன். தாடைக்கடியில் கழுத்தறுத்த மாதிரி சிவப்புக் கீற்று. அந்த ஏரியின் சொந்த மீன். அதைத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து வந்தது முழங்கை நீளத்துக்கு ஒரு லேக் ட்ரவுட். கரும்பச்சை உடம்பெங்கும் அரிசி தெளித்தது போல வெளிர்ப்புள்ளி, ஆழமாகப் பிளந்த வால்.

"பாவம், இதையும் விட்டுடேன்டா."

"விட்டா ஃபைன் மாமா. இதைக் கொன்னே ஆகணும்."

நிஜம்தான். வட அமெரிக்காவின் ஐம்பேரேரிகள், கனடா பக்கம் இந்த லேக் ட்ரவுட் மரியாதையான சொந்த ஊர்க்காரன். 1890இல் இதே பூங்காவில் மீனே இல்லாமல் கிடந்த லூயிஸ், ஷோஷோன் ஏரிகளில் அரசாங்கமே இதைக் கொண்டுவந்து விட்டது. அங்கிருந்து யாரோ ஒரு புண்ணியவான் திருட்டுத்தனமாக இந்தப் பெரிய ஏரிக்குத் தூக்கிவந்திருக்கிறான். 1994இல்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குள் குடும்பம் பெருகிவிட்டது. இது கட்த்ரோட்டைத் தின்றே கொழுக்கும். கிளியர் க்ரீக் என்ற ஓடையில் முட்டையிட ஏறிய கட்த்ரோட் 1978இல் 70 ஆயிரத்துக்கும் மேல். 2007இல் 500 சொச்சம்!

சரி, ஒரு மீன் போய் இன்னொரு மீன் வந்தது, மீன் தின்னும் கரடிக்கு என்ன நஷ்டம் என்றுதான் நானும் கேட்டேன். கட்த்ரோட் முட்டையிட முழங்காலளவு ஓடைக்கு வரும், கரடி நின்றபடியே அள்ளித் தின்னும். லேக் ட்ரவுட் ஆழத்தில் கிடக்கும், முட்டையும் ஏரிக்குள்ளேயே. கரடிக்கு, மீன்கொத்தும் கழுகுக்கு, நீர்நாய்க்கு எட்டாக்கனி. இதுவரை வலைபோட்டு 40 லட்சத்துக்கும் மேல் பிடித்துக் கொன்றிருக்கிறார்கள், இன்னும் தீரவில்லை. அந்தப் புண்ணியவான் ஒரு வாளி சுமந்ததற்கு இத்தனை வருஷச் செலவு. என் 140 டாலரெல்லாம் ஒரு நஷ்டமா!

அப்புறம் சாப்பாடு. மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, அரை எலுமிச்சை. கேம்ப் அடுப்பில் போட்டதும் மீனே நெய் கக்கியது, தோல் முறுமுறுவென்று பிரிந்தது. புளிசாதத்தோடு அதைத் தொட்டுக்கொண்டது இந்தப் பயணத்தின் ஒரே உருப்படியான சாப்பாடு. சட்டியை மூன்று தரம் கழுவி இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினோம். மீன் வாசம் கரடிக்குப் போய்விடக் கூடாதாம்.