தம்பியின் சேர்வரும் என் லப்டொப்பும்

தம்பி கொழும்பில் வேலை செய்யும் இடத்தில் பழைய சேர்வர்களைக் கழித்தார்கள். அதில் ஒன்றை அடிமாட்டு விலைக்கு வாங்கி, போர்வையில் சுற்றி, உதயதேவி ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து மட்டக்களப்பில் இறக்கினான். ஆட்டோக்காரர் ஒரு பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ளுக்கு என்ன தம்பி, அம்மியா?" என்று கேட்டார்.

"அக்கா, இதில 14 கோர் இருக்கு. உங்கட லப்டொப்பில நாலுதான்" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தான். கோர் என்பது கம்ப்யூட்டரின் மூளையான புரொசசருக்குள் இருந்து கணக்குப் போடும் ஒரு ஆள் மாதிரி.

எனக்கு அது எதற்கு என்று சொல்லவேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். சனி, ஞாயிறில் வேறொரு வேலை. கோயில் கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், மறுபதிப்பே காணாத உள்ளூர்ப் புத்தகங்கள் என்று கைக்கு வருவதை ஸ்கேன் பண்ணி, டெசராக்ட் என்ற எழுத்துணரியில் போட்டு எழுத்தாக மாற்றி வைக்கிறேன். பழைய அச்சில் 'னை', 'லை' எல்லாம் தும்பிக்கை தூக்கி நிற்கும் அல்லவா, அதைக் கண்டால் எழுத்துணரி தடுமாறிவிடும். பிறகு நான் உட்கார்ந்து திருத்துவேன். அது தனிக் கதை.

என் லப்டொப்பில் இருக்கும் புரொசசர் இன்டெல் ஐ5-1135ஜி7. 2020இல் வந்தது. 4 கோர், 8 திரெட் (ஒரு கோர் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கும் வேலைகள், கோருக்கு இரண்டு), கூடினால் 4.2 கிகாஹேர்ட்ஸ். சேர்வரில் இருப்பது இன்டெலின் சேர்வர் புரொசசர், சியோன் இ5-2680 வி4. 2016இல் வந்தது. 14 கோர், 28 திரெட். சாதாரணமாக 2.4 கிகாஹேர்ட்ஸ், முக்கித் தக்கினால் 3.3. புரொசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகமான கேஷ் லப்டொப்பில் 8 எம்பி, சேர்வரில் 35.

முதலில் ஒரேயொரு பக்கத்தை இரண்டிலும் போட்டுப் பார்த்தோம். லப்டொப் 7 வினாடி. சேர்வர் 11. தம்பி ஒன்றும் பேசவில்லை. இன்னொரு பக்கம் போட்டோம், அதுவும் அப்படித்தான்.

யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. கிகாஹேர்ட்ஸ் என்பது உரலில் உலக்கை விழும் வேகம் மட்டும். ஒரு குத்துக்கு எவ்வளவு நெல் உமி கழலும் என்பது வேறு கணக்கு. 2020இன் கோர் உலக்கையையும் வேகமாகப் போடுகிறது, ஒவ்வொரு குத்திலும் 2016இன் கோரைவிடக் கூட வேலையும் முடிக்கிறது. சேர்வர் என்ற பெயருக்காக ஒவ்வொரு கோரும் பெரிய பயில்வானாக இருக்கவேண்டும் என்று நாங்கள்தான் நினைத்துக்கொண்டோம். கணக்கு டீச்சர் சும்மா இருப்பேனா? சியோனின் 120 வாட்டை 14ஆல் வகுத்தேன், கோருக்கு எட்டரை வாட். லப்டொப் புரொசசரின் மேல் எல்லை 28 வாட், அதை 4ஆல் வகுத்தால் 7. கேஷும் மற்றச் சாமான்களும் அந்த வாட்டுக்குள்தான் வரும் என்றாலும், விஷயம் விளங்குகிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாப்பாடு சாப்பிடுகிற ஆட்கள். அங்கே ஆட்கள் கூட, அவ்வளவுதான். அதோடு, ஒரு பக்கம் மட்டும் ஓடும்போது லப்டொப்பில் வேலை செய்யும் கோர் சும்மா நிற்பவர்களின் பங்கையும் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பாயும்.

ஒரு பக்கத்தை 14 பேருக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. வரி எங்கே இருக்கிறது என்று கண்டால்தான் எழுத்தை வாசிக்கலாம். ஒன்றுக்குப் பின் ஒன்று. 1967இல் கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் சொன்ன கணக்கு இதுதான். வேலையில் பாதி பிரிக்கமுடியாதது என்றால், ஆயிரம் கோர் கொடுத்தாலும் இரண்டு மடங்குக்கு மேல் வேகம் வராது.

சரி, ஒரு பக்கம் வேண்டாம், முழுப் புத்தகமாகப் போடுவோம் என்றான் தம்பி. 312 பக்கம். ஒரே நேரத்தில் 28 பக்கம் ஓடும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிவிட்டுச் சாப்பிடப் போனோம். பிட்டும் மீன் குழம்பும் முடிந்து, கை கழுவி, விறாந்தையில் கதைத்துவிட்டு வந்து பார்த்தால் பாதி கூட ஆகவில்லை. ஃபேன் மட்டும் ஊரைக் கூட்டியது. "இதென்ன புள்ள, நெல்லுக் குத்துற மிசின் மாதிரி?" என்று அம்மா எழும்பி வந்துவிட்டார்.

பிழை என்னுடையது. டெசராக்ட் ஒரு பக்கத்துக்கே தானாக 4 திரெட் வரை திறக்கும். அதை நான் வாசிக்காமல் விட்டேன். 28 பக்கம், தலைக்கு நாலு, மொத்தம் 112 பேர் 28 கதிரைக்கு அடிபட்டார்கள். ஓஎம்பி திரெட் லிமிட் என்ற மாறியை 1 என்று வைத்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு ஆள்தான். வைத்தேன். அதே 312 பக்கம் நாலு நிமிடத்துக்குள் முடிந்தது. லப்டொப்பில் இதே மாற்றத்தோடு போட்டால் எட்டு நிமிடம் சொச்சம்.

சேர்வரின் 28 திரெட்டை லப்டொப்பின் 4 கோரால் வகுத்து ஏழு மடங்கு வேகம் வரவேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஒன்று. 28 திரெட் என்பது 28 ஆள் இல்லை. 14 அடுப்பு, அடுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் வெங்காயம் வெட்டும்போது மற்றவர் அடுப்பைப் பிடித்துக்கொள்வார். கொஞ்சம் மிச்சம் வரும், இரட்டிப்பு வராது.

அப்புறம் கச்சான் வந்தது. மட்டக்களப்பில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: கச்சான் என்றால் இங்கே நிலக்கடலை மட்டும் இல்லை, நடு வருசத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காய்ந்த சூட்டுக் காற்றும்தான். பகல் இரண்டு மணிக்கு யன்னலைத் திறந்தால் அடுப்பு வாயைத் திறந்தது போல இருக்கும். அந்த நேரத்தில் எட்டு நிமிட வேலைக்கு லப்டொப் 13 நிமிடம் எடுத்தது. சூடு எல்லையைத் தொட்டதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மெல்லிய உடம்பு, ஒரு சின்ன ஃபேன், வேறு என்ன செய்யும்? சேர்வருக்குக் கச்சானும் ஒன்றுதான், மார்கழி மழையும் ஒன்றுதான். நாள் முழுக்க முழு வேகத்தில் ஓடுவதற்கென்றே கட்டப்பட்டது. சத்தம் மட்டும் கூடும்.

நினைவகத்திலும் வித்தியாசம் இருக்கிறது. லப்டொப்பில் ராமுக்கு இரண்டு வழி, சியோனுக்கு நாலு. மட்டக்களப்பின் பழைய கல்லடிப் பாலத்தில் எதிரில் வாகனம் வந்தால் காத்து நின்றதையும் 2013இல் புதுப் பாலம் திறந்த பிறகு போய்வருவதையும் நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று ஈசிசி, சேர்வரின் ராமில் இருக்கும் பிழை திருத்தும் வசதி. ஒவ்வொரு 64 பிட்டுக்கும் (பிட் என்றால் ஒரு 0 அல்லது 1) மேலதிகமாக 8 பிட் வைத்து, ஒரு பிட் புரண்டால் தானே திருத்தும், இரண்டு புரண்டால் கண்டுபிடித்துச் சொல்லும். வங்கிக் கணக்குக்கு அது கட்டாயம். என் கும்பாபிஷேக மலரில் ஒரு பிட் புரண்டால் டெசராக்ட் செய்த ஆயிரம் பிழையோடு ஆயிரத்தொன்று.

இந்த ஊரில் லப்டொப் ஜெயிக்கிற இடம் கரண்ட். ஒரு வாட் மீட்டர் வாங்கிப் பார்த்தேன். சேர்வர் சும்மா நின்றாலே 70 வாட் இழுக்கிறது. நாள் முழுக்க விட்டால் மாதத்துக்கு 50 யூனிட். யூனிட் கூடக் கூடக் கட்டணப் படியும் ஏறும் என்பதால் அந்த 50 மற்ற யூனிட்டுகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கரண்ட் போனால் சேர்வர் அந்த நொடியே செத்துவிடும். திரும்ப எழும்ப, ராமை எல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்க, ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடித்துவிடலாம். லப்டொப்புக்குக் கரண்ட் போனதே தெரியாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது இந்தச் சேர்வர் என்னிடம் இருந்திருந்தால் அதன் மேல் பூச்சாடிதான் வைத்திருப்பேன்.

போன மாதம் ஒருவர், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவருடைய கூத்துக் கொப்பியைக் கொண்டுவந்தார். தென்மோடி என்ற வகைக் கூத்து, முழுக்கக் கையெழுத்து. ஆசையில் இரண்டிலும் போட்டேன். லப்டொப் தந்ததும் குப்பை, 14 கோர் தந்ததும் அதே குப்பைதான், கொஞ்சம் சீக்கிரமாக வந்தது. இப்போது நானே பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்கிறேன், லப்டொப்பில்.

ஆகவே திருத்துவது, தட்டச்சு, பள்ளிக்கூட வேலை எல்லாம் லப்டொப்பில். கிழமை முழுக்கச் சேர்ந்த ஸ்கேன்களை சனிக்கிழமை இரவில் சேர்வரில் போட்டு, முடிந்ததும் அணைத்துவிடுவேன். கரண்ட் பில்லைக் காட்டி அம்மா வாங்கிய சத்தியம் அது.

ஆனால் மாரி தொடங்கியதும் அம்மா ஒரு விஷயம் கண்டுபிடித்திருக்கிறார். சேர்வரின் பின்பக்கத்தால் வரும் சூட்டுக் காற்றில் மோர்மிளகாய் நன்றாகக் காய்கிறதாம். போன செவ்வாய் பள்ளிக்கூடம் விட்டு வந்து சைக்கிளை நிறுத்த முதலே, சுளகோடு வாசலில் நின்று கேட்டார்: "புள்ள, இண்டைக்கு அந்த மிசினப் போட மாட்டியா?"