நெட்டாலுக்குக் கப்பலேறிய பெரிய தாத்தா

“கப்பலேறி நெட்டாலுக்குப் போனாரு, அப்புறம் சேதியே இல்ல.” கொள்ளுத்தாத்தாவின் அண்ணனைப் பற்றி ஆயா சொன்னது இவ்வளவுதான். நெட்டால் இருப்பது தென்னாப்பிரிக்காவில். எங்கள் ஊர் குடியாத்தம் பக்கம்.

1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நெட்டால் போனவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பலேறியவர்கள். அதில் எங்கள் வடாற்காட்டு ஜில்லா ஜனங்கள் ஏராளம். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கப்பல் பட்டியல்களை இன்று கணினியிலேயே தேடலாம்.

பெயரை வைத்துத் தேடி ஒரு மாதம் வீணாய்ப் போனது. குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதால் முனுசாமி அங்கே ‘மூன்சாமி’. ஜில்லாவைப் போட்டால் சித்தூர், திருப்பதி ஆட்களும் வந்து விழுந்தார்கள். 1911 வரை அதெல்லாம் வடாற்காடுதானே, தலைநகரமே சித்தூர்தான்.

வழிகாட்டியது பரணில் கிடந்த பழைய பாகப்பத்திரம். மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தாலும் கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் தெளிவாக இருந்தது. அதனால் சொல்கிறேன், முதலில் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அப்பா பெயரையும் தாலுகாவையும் மட்டும் வைத்துத் தேடியதில் மூன்றே பேர் மிஞ்சினார்கள்.

இரண்டாமவருக்கு வயது 22, எங்கள் ஊர். இடது புருவத்தில் தழும்பு.

எதையும் விளக்காமல் ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. “கெணத்துல கவல ஓட்டச்சொல்லோ மாடு முட்டினது. ஒரு நூல் தப்பியிருந்தா கண்ணே போயிருக்கும்னு எங்க மாமனார் சொல்வாரு.” எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அந்த எண்ணை மட்டும் பத்திரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிற்பாடு அங்கே எழுதிய காகிதங்களில் பெயர் எப்படித் திரிந்திருந்தாலும் எண்ணை வைத்து ஆளைப் பிடிக்கலாம். ஐந்து வருட ஒப்பந்தம் முடித்து இன்னொரு ஐந்து வருடம் தங்கியவர்களுக்குத் திரும்பும் கப்பல் இலவசம். இவர் திரும்பக் கேட்டாரா என்று பார்க்கச் சொல்லி டர்பன் ஆவணக் காப்பகத்துக்கு எழுதியிருக்கிறேன்.

அவருக்கு அடுத்த எண் 18 வயதுப் பெண் ஒருத்திக்கு. இவர் மனைவி என்று குறிப்பு இருக்கிறது. ஆயா அவளைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. அவள் ஊர் ஒடுகத்தூர் பக்கம். அவள் அப்பா பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போய் விசாரிக்க வேண்டும்.