மறுபக்கம் பார்த்த எழுத்து

செட்டியார் தெருவில் அப்பாவுக்கு ஒரு நகைப் பட்டறை இருந்தது. பதினாறு வயதில் என்னை நம்பி அவர் தந்த முதல் வேலை, ஒரு முத்திரை மோதிரத்தில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தை வெட்டுவது. நன்றாகத்தான் வெட்டினேன். அரக்கில் பதித்துப் பார்த்தால் எழுத்து மறுபக்கம் பார்த்து நிற்கிறது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மோதிரத்தை மூசையில் போட்டு உருக்கிவிட்டார்.

அதனாலோ என்னவோ, ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் படம் எதைப் பார்த்தாலும் என் கண் கையொப்பத்தைத்தான் தேடுகிறது. அகன்று நிற்கும் 'ஏ'யின் கால்களுக்கிடையே ஒரு சின்ன 'டி'. அவரும் பத்தர் வீட்டுப் பிள்ளை. 1471இல் நூரம்பெர்க்கில் பிறந்து, தகப்பனாரின் பட்டறையில் உளி பிடித்துப் பழகியவர். ஞானத்தந்தை கோபெர்கர் ஊரின் பெரிய அச்சக முதலாளி. இரண்டு தொழிலும் இவர் கையில் வந்து சேர்ந்தன.

1498இல் பைபிளின் கடைசி நூலான திருவெளிப்பாட்டுக்கு, மரத்தில் செதுக்கித் தாளில் அச்சடிக்கும் 15 பெரிய மரச்செதுக்குப் படங்கள் செய்து, லத்தீனிலும் ஜெர்மனிலும் தாமே வெளியிட்டார். யாருடைய ஆர்டருக்கும் காத்திருக்கவில்லை. தாயும் மனைவி ஆக்னெஸும் படங்களைச் சந்தையில் விற்றார்கள். பீடத்து ஓவியம் ஒரு கோயிலோடு நின்றுவிடும். தாள் ஊர் ஊராகப் போகும். நுணுக்கமாக ஓவியம் தீட்டிய காலத்தில் செதுக்கியே இருந்திருந்தால் ஆயிரம் ஃபுளோரின் நாணயம் கூடச் சேர்த்திருப்பேன் என்று 1509இல் ஒரு வாடிக்கையாளருக்கே எழுதினார். கணக்குத் தெரிந்த மனிதர்!

புகழ் வந்தால் திருட்டும் வரும். இத்தாலியில் மார்க்கந்தோனியோ ரைமொண்டி என்ற செதுக்கோவியர், டியூரர் செய்த மரியாளின் வாழ்க்கைப் படங்களைக் கையொப்பத்தோடு சேர்த்தே நகலெடுத்தார். டியூரர் 1511இல் அந்தப் படங்களை நூலாக வெளியிட்டபோது, பேரரசர் மாக்சிமிலியனின் ஆணையைக் காட்டிக் கள்ள நகல்காரர்களை எச்சரித்தார். நான் வரைந்த பதக்க மாதிரியை இரண்டு கடை தள்ளி ஒரு கண்ணாடிப் பெட்டியில் கண்ட அன்று, எனக்குக் காட்ட எந்தப் பேரரசரும் இல்லை.

அவருடைய படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது சின்னது ஒன்று, 1500ஐ ஒட்டிச் செய்த செப்புத்தகட்டுப் படம். ஆட்டின்மேல் ஒரு சூனியக்காரி பின்புறம் பார்த்து உட்கார்ந்து போகிறாள். கீழே கையொப்பத்தில் 'டி' மறுபக்கம் பார்க்கிறது. படத்தில் எல்லாமே தலைகீழ் என்பதால் வேண்டுமென்றே அப்படி வெட்டினார் என்கிறார்கள். இருக்கலாம். எப்படியோ, அந்தத் தகட்டை அவர் உருக்கவில்லை.