பால் ஊறலையே, சிஸ்டர்

எங்கள் வார்டில் அதிகம் காதில் விழும் வாக்கியம் இதுதான். தாய் தயங்கித் தயங்கிச் சொல்வாள், மாமியார் தயங்காமல் சொல்வார். பையில் பால்மாவு டப்பா தயாராக இருக்கும்.

நான் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். குறைமாதப் பிள்ளைகள்தான் எங்களிடம் அதிகம். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் இசைந்து வர, கர்ப்பக் கணக்கில் ஏறத்தாழ 34 வாரம் ஆகவேண்டும். அதுவரை தாய் பீச்சித் தரவேண்டியதுதான். முதல் நாள் பீச்சிப் பீச்சிக் கை ஓய்ந்தபின், ஸ்டீல் கிண்ணத்தின் அடியில் மஞ்சளாகப் பிசுபிசுவென்று கொஞ்சம் ஒட்டியிருக்கும். அதைச் சிரிஞ்சில் இழுத்தால் ஒரு மில்லி தேறுவதே பெரிது.

"இத வச்சு என்ன சிஸ்டர் பண்ணுவீங்க?" என்பார் பாட்டி.

நாங்கள் மூக்குக் குழாயில் கொடுக்கத் தொடங்குவதே அந்த அளவுதான், பாட்டி. சீம்பாலில் செறிந்திருக்கும் ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதம், ரத்தத்தில் கலப்பதைவிடக் குடல் சுவரில் படிந்துதான் கிருமியைத் தடுக்கிறது. லாக்டோஃபெரின் என்ற இன்னொரு புரதம், கிருமிகளுக்கு இரும்புச்சத்து கிடைக்காமல் பிடித்துவைக்கிறது. எனக்கு இன்றும் வியப்பு ஒலிகோசாக்கரைடு என்ற சர்க்கரை வகைதான். லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை, கொழுப்பு இரண்டுக்கும் அடுத்தபடியாகத் தாய்ப்பாலில் அதிகம் இருப்பது அது. ஆனால் பிள்ளைக்கு அது செரிக்கவே செரிக்காது! குடலில் குடியேறும் பிஃபிடோ என்ற நல்ல பாக்டீரியாவுக்குத்தான் அந்தத் தீனி. பிள்ளைக்கு மட்டுமா, அதன் வயிற்றில் குடியிருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறாள் தாய். பால்மாவு குடிக்கும் குறைமாதப் பிள்ளைகளுக்குத்தான் குடல் அழுகும் 'நெக்' நோய் அதிகம் வருகிறது. அதைப் பார்த்தவர்கள் அந்த டப்பாவை லேசில் தொடமாட்டார்கள்.

பூண்டுக் குழம்பு, பால்சுறா புட்டு எல்லாம் சாப்பிடட்டும், நான் தடுப்பதில்லை. ஆனால் பால் பெருகுவது மார்பு காலியாவதைப் பொறுத்தது. தேங்கினால் சுரப்பு குறையும். நாளைக்கு எட்டுத் தடவையாவது பீச்சவேண்டும், ராத்திரியும் சேர்த்து. பாலை ஊறவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் இரவில்தான் கூடுதலாகச் சுரக்கிறது. ஊறிய பாலை வெளியே தள்ளும் ஹார்மோன் ஆக்ஸிடோசின்; பயமும் வலியும் அதை அடக்கிவிடும். பிள்ளையைத் தோலோடு தோலாக நெஞ்சில் போட்டதும் சேலை நனைந்துபோகும் பெண்களை வாரந்தோறும் பார்க்கிறேன்.

தாய்ப்பால் வங்கி இருக்கிறதே என்பார்கள். இந்தியாவில் முதல் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தானப் பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கவேண்டும். அதில் உயிருள்ள செல்கள் அழியும், எதிர்ப்புப் புரதங்களும் ஓரளவு போய்விடும். பெற்றவளின் பாலுக்கு அது அடுத்தபடிதான்.

சரி, இரவு இரண்டு மணிக்குப் பீச்சவேண்டிய தாய் எங்கே படுப்பாள்? பிள்ளை உள்ளே இருக்க, அவளை டிஸ்சார்ஜ் செய்து அனுப்பிவிடுகிறோம். ஊருக்குப் போனால் பஸ் பிடித்து வருவதற்குள் மார்பு கட்டிக்கொள்கிறது. போகாதவர்கள் வராந்தாவில் பாய் விரிக்கிறார்கள். வார்டுக்குப் பக்கத்தில் ஒரு கட்டிலும் ராத்திரிச் சாப்பாடும் அவர்களுக்குக் கிடைத்த காலங்களில், வங்கிப் பாலுக்கு நாங்கள் எழுதிய சீட்டு குறைவு.