வண்டி வாங்கியாச்சு, இனி எதை ஊற்றுவது?

"ஒரு கார் வாங்கணும், எதை வாங்கலாம்?" என்று யாராவது போன் செய்தால் முன்பெல்லாம் எனக்கு உற்சாகமாக இருக்கும். பட்ஜெட் எவ்வளவு, மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும், வீட்டில் வயதானவர்கள் ஏறி இறங்க வேண்டுமா என்று நாலு கேள்வி கேட்டுவிட்டு இரண்டு மூன்று பெயரைச் சொல்லிவிடுவேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. எந்த வண்டி என்பதெல்லாம் இரண்டாம்பட்சம், எதில் ஓடுகிற வண்டி என்பதுதான் முதல் கேள்வி. பெட்ரோல், டீசல், சி.என்.ஜி., ஹைபிரிட், மின்சாரம் என்று ஷோரூமில் வரிசையாக நிற்கின்றன. எதைத் தொட்டாலும், அடுத்த பத்து வருஷத்தில் அரசு அந்த எரிபொருளை என்ன செய்யப் போகிறது என்று நாமே ஜோசியம் பார்த்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. ஜோசியம் பலிக்காவிட்டால் நஷ்டம் நம்முடையது. எனக்கு எரிச்சலே அதில்தான்.

டீசலை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள், டீசலுக்கு நீக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் லிட்டருக்கு இருபது ரூபாய்க்கு மேல் இடைவெளி விழுந்ததும் ஊரே டீசல் பக்கம் சாய்ந்தது. ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின் மாருதி, டாடா, ஃபியட் என்று கம்பெனி பேதமில்லாமல் எல்லார் பானட்டுக்குள்ளும் உட்கார்ந்தது. பெட்ரோல் வண்டியைவிட ஒரு லட்சம் கூடக் கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து ஸ்விஃப்ட் டீசலை எடுத்தவர்கள் எனக்கே பலரைத் தெரியும். 2013 ஜனவரியில் மாதம் ஐம்பது பைசா வீதம் டீசல் விலையை ஏற்ற ஆரம்பித்தார்கள். 2014 அக்டோபரில் கட்டுப்பாடு முழுசாகப் போனது. 2015-இல் டெல்லியில் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொல்ல, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. (நம்மூர் செகண்ட் ஹேண்ட் சந்தையில் "டெல்லி வண்டி, நல்ல கண்டிஷன்" என்று மலிவாக வந்து நின்றதெல்லாம் இந்த உத்தரவின் புண்ணியம்தான்.) வண்டிப் புகைக்கு அளவு வைக்கும் பாரத் ஸ்டேஜ் (பி.எஸ்.) விதிகளில், 2020 ஏப்ரலில் பி.எஸ்.5 என்ற படியே இல்லாமல் பி.எஸ்.4-இல் இருந்து பி.எஸ்.6-க்குத் தாவினோம். சின்ன டீசல் இன்ஜினை அந்த விதிக்கு ஏற்ப மாற்றினால் விலை கட்டுப்படியாகாது என்று மாருதி டீசலையே மூட்டை கட்டிவிட்டது. எல்லாம் பத்தே வருஷத்துக்குள். டீசல் வாங்கச் சொல்லித் தூண்டியது விலைக் கொள்கை, வாங்கியவனைத் தண்டித்ததும் கொள்கைதான். நடுவில் வண்டியை விற்று லாபம் பார்த்த யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

என் மச்சானிடம் ஒரு பி.எஸ்.6 டீசல் இருக்கிறது. கோவை சாயிபாபா காலனியில் வீடு, காந்திபுரத்தில் கடை. தினமும் அந்த மூன்று நான்கு கிலோமீட்டர்தான், அதுவும் சிக்னல் சிக்னலாக நின்று. புது டீசல் வண்டிகளில் புகைபோக்கியில் டி.பி.எஃப். என்று ஒரு வடிகட்டி இருக்கும், கரித்துகளைப் பிடித்து வைக்கும். அது நிறைந்தால் அந்தக் கரியை அங்கேயே எரித்துத் தள்ள வேண்டும். அதற்குப் புகை நன்றாகச் சூடாக வேண்டும், சூடாக வேண்டுமென்றால் வண்டி ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். காந்திபுரத்தில் ஏது ஒரே வேகம்? டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. சர்வீஸ் சென்டரில் சொன்ன வைத்தியம், "அண்ணா, வாரத்துக்கு ஒருக்கா ஹைவேல ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துருங்க." அதனால் ஞாயிறு காலையில் மச்சான் நீலாம்பூர் தாண்டி அவிநாசி வரைக்கும் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வருகிறார். காற்று மாசைக் குறைக்க வைத்த கருவிக்காக வேலையே இல்லாமல் டீசலை எரித்துக்கொண்டு! வாங்கும்போது சேல்ஸ்மேன் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. கேட்டால் "மேனுவல்ல இருக்கு சார்" என்பார்கள்.

சரி, பெட்ரோல்காரனாவது நிம்மதியாக இருக்கிறானா? என்னுடையது 2013 மாடல் பெட்ரோல். மேனுவலில் இ10 வரை ஊற்றலாம், அதாவது கரும்பு, மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் எத்தனால் என்ற ஆல்கஹால் பெட்ரோலில் பத்து சதவீதம் வரை இருக்கலாம் என்று போட்டிருக்கிறது. இ20-ஐ 2023 பிப்ரவரியில் தொடங்கிவைத்தார்கள். 2030-க்கு என்று வைத்திருந்த இலக்கை 2025-க்கு இழுத்து, அதையும் எட்டிவிட்டார்கள். அந்த வேகத்துக்கு ஒரு சபாஷ் போடலாம், கிண்டலாகச் சொல்லவில்லை. ஆனால் இ20-க்கு ஏற்ற ரப்பரும் உலோகமும் வைத்து வண்டி செய்ய வேண்டும் என்பது 2023 ஏப்ரலிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் விற்ற கோடிக்கணக்கான வண்டிகள் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றனவே, அவற்றுக்கு என்ன ஊற்றுவது? பங்க்கில் இ10 என்று தனிக் குழாய் கிடையாது. எத்தனால் கலக்காதது என்று சொல்லப்படும் 100 ஆக்டேன் பெட்ரோல் ஏதோ சில பங்க்குகளில் கிடைக்கும், விலை சாதாரணப் பெட்ரோலைப் போல ஒன்றரை மடங்கு. ஸ்போர்ட்ஸ் பைக் வைத்திருப்பவர்கள் வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம்.

இ20 ஊற்றினால் மைலேஜ் குறையுமா என்பதில் ஏன் இத்தனை சண்டை என்றே எனக்குப் புரியவில்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால், சுத்தமான பெட்ரோலோடு ஒப்பிட ஆறேழு சதவீதம் ஆற்றல் குறையும், இதற்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. நிதி ஆயோக் 2021-இல் போட்ட திட்ட அறிக்கையிலேயே, பழைய வடிவமைப்பு கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று இருந்தது. 2025 ஆகஸ்டில் எல்லாரும் கத்த ஆரம்பித்த பிறகு, பெரிய இழப்பு எதுவும் இல்லை, எல்லாம் மிகைப்படுத்தல் என்று பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. எத்தனால் இல்லாத பெட்ரோலும் வேண்டும் என்று போட்ட பொதுநல மனுவை செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

போன சர்வீஸில் ஃப்யூவல் பம்ப் சத்தம் போடுகிறது என்று கணபதியில் இருக்கும் என் மெக்கானிக் டேங்க்கை இறக்கினார். கழற்றிய பெட்ரோல் ஓஸ் துண்டை என் கையில் கொடுத்து, நகத்தால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். வெளிப்பக்கம் மொறுமொறுவென்று வெடிப்பு. உள்பக்கம் உப்பி, பிசுபிசுவென்று விரலில் கருப்பாக ஒட்டியது. நான் உடனே எத்தனால் என்று ஆரம்பித்தேன். அவர் சிரித்துவிட்டு, "அதுனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க சார், பன்னெண்டு வருச ரப்பர். ஆனா இப்ப இந்த மாதிரி நெறைய வருது, அதையும் சொல்லணும்ல" என்றார். இந்த விவகாரத்தில் நான் கேட்டதிலேயே நேர்மையான பதில் அதுதான். பெரிய சேதம் இல்லை, ஓஸும் பம்ப்பும் கேஸ்கெட்டும் மாற்றினால் ஓடும். அந்தச் செலவு யாருடையது என்பதுதான் கேள்வி. அவர் இன்னொன்றும் சொன்னார். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைத்த வண்டிகளைத்தான் அதிகமாகக் கொண்டுவருகிறார்களாம். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். வெளிநாட்டில் இருக்கும் பையனின் பைக்கைப் போர்வை போட்டு மூடி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனிக்க.

எத்தனாலே கூடாது என்று நான் சொல்லவில்லை. கச்சா எண்ணெய்க்குப் போகும் டாலர் மிச்சமாகிறது, கரும்பு விவசாயிக்குப் பாக்கி சீக்கிரம் வருகிறது, நல்ல விஷயம்தான். ஆனால் கரும்பு மட்டும் போதவில்லை என்று மக்காச்சோளத்துக்குப் போனார்கள். பல்லடத்திலும் நாமக்கல்லிலும் கோழிப்பண்ணைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், தீவன விலை என்ன ஆனது என்று அவர்களே சொல்வார்கள். வாங்குகிற விலையும் ஒன்றும் குறைவில்லை. எத்தனாலின் சராசரிக் கொள்முதல் விலை லிட்டருக்கு 71 ரூபாய் சொச்சம், சுத்திகரித்த பெட்ரோலின் அடக்க விலையைவிட அதிகம் என்று அமைச்சகமே அந்த ஆகஸ்ட் விளக்கத்தில் சொல்லியிருக்கிறது. ஆகவே கலந்தாலும் விலை குறையாது. ஆற்றல் குறைந்த சரக்கை அதே விலைக்கு வாங்கிக்கொண்டு, ஓஸையும் நம் காசில் மாற்றிக்கொண்டு, நாட்டுக்குச் சேவை செய்ததாக நினைத்துக்கொள்ள வேண்டும்.

பிரேசிலைப் பார் என்று நம் அமைச்சர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். பார்க்கலாம். அங்கே 1975-இல் எத்தனால் திட்டம் தொடங்கியது. எண்பதுகளில் விற்ற புதுக் கார்களில் பெரும்பாலானவை முழு எத்தனாலில் மட்டுமே ஓடுபவை. 1989 வாக்கில் சர்க்கரைக்கு நல்ல விலை கிடைக்கவும் ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பின, எத்தனாலுக்குத் தட்டுப்பாடு, கார்க்காரர்கள் பங்க் வாசலில் வரிசையில் நின்றார்கள். மக்கள் எத்தனால் காரையே வெறுத்துவிட்டார்கள். அதிலிருந்து அவர்கள் மீண்டது 2003-இல் ஃப்ளெக்ஸ் கார் வந்த பிறகுதான். ஃபோக்ஸ்வாகன் கோல் முதலில் வந்தது. பெட்ரோல், எத்தனால், இரண்டும் எந்த விகிதத்தில் கலந்தது என்றாலும் ஓடும். பங்க்கில் இரண்டும் தனித்தனிக் குழாயில், தனித்தனி விலையில் இருக்கும். எத்தனால் விலை பெட்ரோலில் எழுபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், இல்லையென்றால் பெட்ரோல், அங்கே ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்த கணக்கு இது. அங்கும் பெட்ரோலில் எத்தனால் கலக்கத்தான் செய்கிறார்கள், இப்போது முப்பது சதவீதம். ஆனால் முதலில் வண்டியை மாற்றினார்கள், விலையைப் பார்த்து முடிவெடுக்கும் வசதியை ஓட்டுகிறவன் கையில் கொடுத்தார்கள். நாம் அங்கிருந்து எத்தனாலை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

சி.என்.ஜி. பற்றி நிறையச் சொல்வதற்கில்லை. ஆபீஸில் ஒருவர் வைத்திருக்கிறார், செலவு குறைவு என்பதில் சந்தேகமே இல்லை. பூட்டில் சிலிண்டர் படுத்திருக்கும், குடும்பத்தோடு ஊருக்குப் போனால் பெட்டிகள் எல்லாம் மடியில். பங்க்கில் வரிசை. கூட்டம் அதிகமானால் கம்ப்ரஸரில் பிரஷர் இறங்கி சிலிண்டர் முக்கால்வாசிதான் நிரம்பும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டரைக் கழற்றி ஹைட்ரோ டெஸ்ட் எடுக்க வேண்டும். ஊட்டிக்குப் போனால் கல்லாறு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் அவர் பேசாமல் பெட்ரோலுக்கு மாற்றிவிடுகிறார்.

மின்சாரக் கார் ஓட்டிப் பார்த்தேன். ஓட்டுவதற்கு அதைவிடச் சுகமான வண்டி கிடையாது, இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஜி.எஸ்.டி. ஐந்து சதவீதம்தான். தனி வீடும் போர்டிகோவும் இருந்து, தினமும் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓடுகிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். நான் இருப்பது அபார்ட்மெண்ட். என் பார்க்கிங்கில் ஒரு பதினைந்து ஆம்ப் பாயிண்ட் போட அசோசியேஷனில் கேட்டதற்கு, தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்பதில் தொடங்கி, மூன்றாவது மாடிக்காரர் வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் போட்டுக் காட்டுவதில் முடிந்தது கூட்டம். வீட்டு மீட்டரிலிருந்தே இழுத்தாலும் நம்மூர் கரண்ட் பில் கணக்கு ஒன்று இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறுவதில்லை, கீழ் ஸ்லாப்பில் கிடைத்த மலிவு ரேட்டும் போய்விடும். முப்பது யூனிட் பேட்டரியை இரண்டு மாதத்தில் பத்துத் தடவை நிரப்பினாலே முந்நூறு யூனிட் ஆச்சு. கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று விளம்பரம் போடுகிறவர்கள் நம் வீட்டு ஏசியையும் கிரைண்டரையும் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்படியும் பெட்ரோலைவிட மலிவுதான், அதை மறுக்கவில்லை. பேட்டரிக்கு ஆயுள் வாரண்டி என்று சில கம்பெனிகள் சொல்ல ஆரம்பித்திருக்கின்றன. அடியில் சின்ன எழுத்தில், முதல் ஓனருக்கு மட்டும். அப்புறம் ரீசேலில் அதை யார் என்ன விலைக்கு வாங்குவார்கள்?

எரிபொருளை விடுங்கள், சும்மா ஒரு கார் வைத்திருப்பதே இப்போது ரோதனை. ஆயில் மாற்ற விட்டால் த்ராட்டில் பாடி கிளீனிங், இன்ஜின் ஃப்ளஷ், ஏசி டிஸ்இன்ஃபெக்ஷன் என்று நான் கேட்காத ஐட்டங்களோடு எஸ்டிமேட் நீள்கிறது. ஒவ்வொன்றாக "இது வேண்டாம்" என்று சொல்லி அடிக்க வைப்பதற்குள் அட்வைசருக்கும் எனக்கும் முகம் சுளித்துவிடும். ஸ்டெப்னியையும் எடுத்துவிட்டார்கள். டியூப்லெஸ் டயர், பிரஷர் காட்டும் சென்ஸார், பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி வேண்டாம் என்று 2020-இல் விதி திருத்தியாச்சு. சைடுவால் கிழிந்தால் அந்த கிட்டை வைத்து என்ன செய்வது என்று விதி எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி.யைப் பதினெட்டு சதவீதமாகக் குறைத்தார்கள், வாழ்க. ஜூலையில் புதுக் கார் எடுத்த எதிர்வீட்டுக்காரரிடம் இந்தச் சந்தோஷத்தை நான் பகிர்ந்துகொள்ளவில்லை.

கம்பெனியே காணாமல் போவதும் உண்டு. செவர்லே 2017-இல் கடையைக் கட்டியது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு, மறைமலைநகரில் அத்தனை வருஷம் வண்டி செய்துவிட்டு, இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் தொழிற்சாலையைத் திறந்திருக்கிறார்கள், நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும், வரட்டும். ஆனால் புதுக் கம்பெனியின் புது எரிபொருள் வண்டியை முதல் ஆளாகப் போய் வாங்க எனக்குத் தைரியம் கிடையாது.

அதனால் இப்போதைக்கு என் முடிவு, இருக்கிற வண்டியையே ஓட்டுவது. ஓஸ் எல்லாம் இ20 தாங்கும் ரகமாக மாற்றியாச்சு. 2028-இல் பதினைந்து வருஷம் முடியும்போது எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டி ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், 2022-இல் ஏற்றிய கட்டணப்படி அதற்கு ஐயாயிரம். இருபது வருஷம் தாண்டினால் பத்தாயிரம் என்று 2025-இல் இன்னொரு அறிவிப்பு வந்திருக்கிறது. இ27 பற்றி இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள். உங்களில் யாராவது 2023-க்கு முந்தைய பெட்ரோல் வண்டிக்கு ஓஸ், கேஸ்கெட் கிட் கம்பெனியிலேயே போட்டிருந்தால், எவ்வளவு ஆனது, இன்ஷூரன்ஸில் ஏதாவது ஆட்சேபம் சொன்னார்களா என்று எழுதுங்கள். மச்சானுக்கு டி.பி.எஃப். பற்றியும் யாராவது நல்ல வழி சொன்னால் புண்ணியமாகப் போகும்.