ரெடிமேட் கோழிக்கூண்டை நம்பியதில் கற்றுக்கொண்டவை

ரெடிமேட் கூண்டு வாங்கி வைத்தால் போதும், கீரியும் மரநாயும் கிட்டேகூட வராது என்பார்கள் விற்பவர்கள். நம்பாதீர்கள். எங்களுக்கு வந்த கூண்டில் கூரையும் பலகையும்தான் தேறின. வலை, தாழ்ப்பாள், அடித்தளம் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்டிய பிறகுதான் கோழிகள் நிம்மதியாக அடைகின்றன.

முதல் கோளாறு வலை. அறுகோணக் கண் வைத்த அந்த மெல்லிய கோழிவலை, கோழி வெளியே போகாமல் தடுக்க மட்டுமே லாயக்கு. நாய் பல்லால் கவ்வி இழுத்தால் முறுக்கு அவிழ்ந்து பொளபொளவென்று வந்துவிடும். ஒரு அங்குலக் கண்ணில் குட்டிக் கீரி நுழையும், எலி தாராளமாக நுழையும். எச்சமும் ஈரமும் படும் அடிப்பகுதி சீக்கிரமே துருப்பிடித்துக் கையோடு உதிரும். வாங்க வேண்டியது அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், 19 கேஜ். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பதால் "23 கேஜும் அதேதாங்க" என்று கடையில் தள்ளிவிடப் பார்த்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். நாய்த் தொல்லை இருந்தால் கீழ் 3 அடிக்கு வெளிப்பக்கம் இன்னொரு அடுக்காகத் தடித்த மெஷ் போடுங்கள். வெல்டு வைத்த பிறகு துத்தநாகத்தில் முக்கியெடுத்த வலைதான் நாள்பட உழைக்கும். கம்பிகள் சேரும் இடத்தில் பூச்சு திட்டுத்திட்டாகத் தடித்திருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

வலையை அடித்திருந்த விதம் அதைவிட மோசம். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று சட்டத்தின் உள்பக்கம் வைத்து ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தார்கள். வெளியே இருந்து ஒரு விலங்கு முட்டினால் ஒவ்வொரு பின்னாகக் கழன்று விழும். வலை சட்டத்தின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் முட்ட முட்ட அது மரத்தோடு இறுகும். 10 முதல் 15 சென்டிமீட்டருக்கு ஒரு ஸ்குரூவும் அகல வாஷரும் போட்டு, மேலே ஒரு மெல்லிய ரீப்பரை வைத்து முடுக்கிவிட்டால் இழுத்தாலும் வராது.

தோண்டுவதைத் தடுக்கப் பள்ளம் வெட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சுவர் வலையின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக 45 சென்டிமீட்டர் அகலத்துக்கு அதே வலையைத் தரையில் படுக்கப் போட்டு, இரண்டையும் கட்டுக்கம்பியால் நெருக்கமாகத் தைத்து, மேலே கல்லோ மண்ணோ பரப்பினால் போதும். நரியோ நாயோ சுவர் ஓரமாகத்தான் பறிக்கும். அங்கே கம்பி தட்டினால் பக்கத்தில் நகர்ந்து பறிக்குமே தவிர, இரண்டடி பின்னால் போய்ச் சுரங்கம் போட அதற்குத் தோன்றாது. கவனிக்க வேண்டியது மூலைகள். இரண்டு பக்க வலையும் வந்து முடியும் மூலையில் வெளியே ஒரு சதுர இடம் வெறும் மண்ணாக நிற்கும். அதற்குத் தனித் துண்டு வெட்டி, இரு பக்கமும் ஒரு கையகலம் மேலேறும்படி போட்டுத் தைக்க வேண்டும். பறித்த தடம் தெரிவதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான்.

கூரைக்கடியில் காற்றுக்காக விட்ட இடைவெளியை யாரும் கவனிப்பதில்லை. மரநாய் ஏறுவதில் கில்லாடி. நெளித்தகடு போட்ட கூரையில் ஒவ்வொரு நெளிவும் எலிக்கும் பாம்புக்கும் வாசல்தான். ஸ்பாஞ்சு அடைத்தால் எலி கடித்துப் போடும், வலைத் துண்டை மடித்துத் திணியுங்கள்.

கதவுக்கு நடுவில் ஒரே ஒரு தாழ்ப்பாள் இருந்தால், கீழ் மூலையை முட்டி வளைத்துத் தலையை நுழைக்க நாய்க்கு அதிக நேரம் பிடிக்காது. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு தாழ்ப்பாள் போட்டு, ஒவ்வொன்றிலும் தானாக நழுவாதபடி ஸ்பிரிங் கொக்கி மாட்டுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், வருவது எந்த விலங்கு என்று தெரிந்தால் செலவு குறையும். கோழியே மாயம், நாலு இறகு மட்டும் கிடக்கிறது என்றால் நரி அல்லது காட்டுப்பூனை. பலவற்றைக் கொன்று போட்டுவிட்டுப் போயிருந்தால் தெருநாயையோ மரநாயையோ சந்தேகப்படலாம். திறந்தவெளியில் வட்டமாக இறகு பிய்த்துப் போட்டிருந்தால் பருந்து இனம். ஓடுகூட இல்லாமல் முட்டை காணோமா, பாம்பாக இருக்கும். குஞ்சு செத்துக் கிடந்து தலையும் கழுத்தும் மட்டும் நனைந்து ஒட்டியிருந்தால், விழுங்கப் பார்த்துத் தோள் நுழையாமல் பாம்பு துப்பிவிட்டுப் போயிருக்கிறது. நேரமும் ஒரு தடயம்: கீரி பகலில் வரும், மரநாய் இரவில். அப்போதும் குழப்பமாக இருந்தால் கூண்டைச் சுற்றிச் சலித்த சாம்பலைத் தூவிவிட்டுக் காலையில் கால்தடம் பாருங்கள். இதைவிட மலிவான கண்காணிப்பு கிடையாது.

பாம்புக்குப் பயந்து நைலான் தோட்டவலையைச் சுற்றாதீர்கள். பாம்பு அதில் சிக்கிக்கொள்ளும், பிறகு அதை வெட்டி எடுப்பது யார்? குஞ்சு வைத்திருக்கும் பகுதிக்கு மட்டும் கால் அங்குலக் கண் வலை போடுங்கள். ராத்திரி தீவனத்தை உள்ளே விட்டால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். மாலையிலேயே தொட்டியில் உள்ள தீவனத்தை மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

கோழி அடையும் கட்டை வலையை ஒட்டி இருக்கவே கூடாது, ஓரடியாவது தள்ளி இருக்கட்டும். தூக்கத்தில் வலையோரம் சாய்ந்த கோழியை வெளியிலிருந்தே விலங்கு பிடித்து இழுத்துவிடும். தலையில்லாத கோழி வலையோரம் கிடந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். முயல் வளர்ப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: வலை எவ்வளவு உறுதியாக இருந்தாலும், நாய் சுற்றிச் சுற்றி வந்தாலே முயல் பயத்தில் செத்துப்போகலாம். நாற்புறமும் பலகை அடைத்த ஒளிவிடம் கூண்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

மின்வேலி போடுவதானால் அதற்கென்றே விற்கும், துடிப்பு துடிப்பாக மின்சாரம் விடும் எனர்ஜைசர் மட்டுமே போட வேண்டும். வீட்டு லைனிலிருந்து நேரே கம்பி இழுப்பது கொலைக்குச் சமம், அடுத்த வீட்டுக் குழந்தைதான் முதலில் தொடும். எனர்ஜைசர் சரியாக இருந்தும் வேலி அடிக்கவில்லையென்றால் எர்த் கம்பியைப் பாருங்கள். காய்ந்த மண்ணில் எர்த் எடுக்காது. கம்பியை இன்னும் ஆழமாக இறக்குங்கள், வெயில் காலத்தில் அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். அதுவும் சரியென்றால் குற்றவாளி புல். மழைக்கு வளர்ந்த புல் கீழ்க் கம்பியைத் தொட்டாலே வோல்டேஜ் மண்ணுக்குள் இறங்கிவிடும். டெஸ்டரில் 3000 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் ரோமம் அடர்ந்த விலங்குக்கு உறைக்காது.

தானியங்கிக் கதவில் வெளிச்ச சென்சார் மட்டும் உள்ளதை வாங்காதீர்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தால் அது மாலை என்று நினைத்துக் கதவை இறக்கிவிடும், கோழிகள் வெளியே நனைந்துகொண்டு நிற்கும். டைமர் உள்ளதில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் பருவத்துக்குப் பருவம் நேரத்தை மாற்ற வேண்டும். கதவு இறங்கும் காடியில் உமி சேர்ந்தால் விரல் அகலம் திறந்தே நிற்கும், அதை மூக்கால் நெம்பித் தூக்க மரநாய்க்குத் தெரியும். வாரம் ஒருமுறை பழைய பல் பிரஷ்ஷால் காடியைச் சுரண்டிவிடுங்கள்.